மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது

அத்தியாயம் 1

"குத்தவாளி யாருன்னு எங்களுக்கே தெரியுங்க. நீங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதிக் குடுத்தா போதும்" என்றார் முருகையன்.

வேதா பேனாவை மூடி வைத்தாள்.

தேரடித் தெருவில், நாட்டு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு. கீழேயிருந்து நாள் முழுக்கச் சுக்கு வாசனை. பெஞ்சில் அவளுடைய உதவியாளர் காசி உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கம்பெனி பஸ்ஸை விற்றபோது விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வந்தவர்.

"டிக்கெட்டே எடுக்காம ஊர் போய்ச் சேர்ந்துட்டீங்களே சார்" என்றார் காசி. "அப்புறம் எதுக்கு எங்க பஸ்ல ஏறுறீங்க?"

முருகையன் சிரிக்கவில்லை. அவர் காரணைப்பட்டு தொகுதி எம்.எல்.ஏ. தசரதனின் உதவியாளர். சட்டைப் பையில் மூன்று பேனா இருந்தது. மூன்றும் மூன்று நிறம்.

"விஷயத்தை முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் வேதா.

திங்கட்கிழமை சட்டசபையில் தசரதன் பேசினார். பேச்சு பதினோரு பக்கம். முதல் ஆறு பக்கம், ஊர் ஊராக முளைக்கும் நிதி நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட வேண்டும் என்பது. கடைசி நான்கு பக்கம், கற்பூரத்துக்கு விற்பனை வரி கூடாது என்பது. நடுவில் ஏழாம் பக்கம்.

"அந்தப் பக்கத்தை நான் எழுதலைங்க. சாரும் எழுதலை. ஆனா சார் படிச்சுட்டாரு. மைக்ல."

"என்ன இருந்தது அதுல?"

"கோர்ட்டைத் திருத்தணும்னு இருந்துச்சுங்க. எந்தக் கேஸுக்கும் மூணு வாய்தாவுக்கு மேல தரக்கூடாது. அதுலயும் மக்கள் பிரதிநிதி, அவங்க குடும்பத்து மேல கேஸு இருந்தா அதைத்தான் முதல்ல எடுக்கணும்." முருகையன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எதிர்க்கட்சிக்காரங்க மேஜையைத் தட்டுனாங்க. சாரும் சந்தோஷமா அந்தப் பாராவை இன்னொரு தடவை படிச்சாரு."

"ஒன்ஸ் மோரா!" என்றார் காசி.

"சார் மேல கேஸு இருக்குதா?" என்று கேட்டாள் வேதா.

இருந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் தசரதனுக்கு ஒரு தங்கும் விடுதி. ஏரிக்குத் தண்ணீர் போகும் ஓடையின் மேல் நின்றது அது. ஓடை நின்றதால் நிலம் காய்ந்துபோன கன்னியம்மாள் என்ற பெண் வழக்குப் போட்டாள். எட்டு வருஷம். முப்பத்தேழு வாய்தா.

"செவ்வாய்க்கிழமை அந்தம்மாவோட வக்கீல் பேப்பர் கட்டிங்கை ஜட்ஜுகிட்ட நீட்டிட்டாரு. வர்ற திங்கட்கிழமை விசாரணை, இனிமே வாய்தாவே கிடையாதுனு ஜட்ஜு சொல்லிட்டாரு."

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"சட்டசபைக் குறிப்புல இருந்து அந்தப் பக்கத்தை நீக்கணும்னு மனு குடுக்கப் போறோம். யாரோ சதி பண்ணிச் செருகினாங்கன்னு போலீஸ் புகார் இருந்தா பாக்கலாம்னாங்க. புகாரோட ஒரு துப்பறியும் நிலையத்து அறிக்கையும் இருந்தா கொஞ்சம் கெத்தா இருக்கும். இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க."

"நீங்க தெரிஞ்சு வச்சிருக்கிற அந்தக் குத்தவாளி?"

"எங்க டைப்பிஸ்ட் அருணாதேவி. பதினஞ்சாம் தேதி கோர்ட்டுல வேலைக்குச் சேரப்போவுது. கோர்ட் ஆளுங்க சொல்லித்தான் செருகியிருக்கும்."

கோர்ட் வேலைக்குப் போலீஸ் விசாரணை உண்டு. மேலே ஒரு புகார் இருந்தால் அந்த வேலை அன்றோடு போயிற்று. வேதாவுக்கு அது தெரியும். முருகையனுக்கும் தெரியும் என்பது அவர் ஜன்னல் பக்கம் பார்த்ததில் தெரிந்தது.

"அறிக்கை தர்றேன்" என்றாள். "கண்டுபிடிச்ச பிறகு."

"அஞ்சு மணிக்குள்ளயா?"

"அதுக்குள்ளதான்."

*

எம்.எல்.ஏ. அலுவலகம் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் பழரசம் குடிக்கும் ஒரு கடைக்குப் பக்கத்தில் இருந்தது. வேதா டி.வி.எஸ். ஐம்பதை ஓட்டினாள். காசி பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் "வரலாம், வரலாம், லெப்ட்ல ஆளு" என்றார். பழக்கம்.

உள்ளே நுழைந்ததும் தட்டச்சு ஓசை. ஒல்லியான ஒரு பெண், நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. விரல்கள் தடுமாறவில்லை.

வேதா தாளை எட்டிப் பார்த்தாள். 'மேற்படி அருணாதேவி என்பவர் சதி நோக்கத்துடன்' என்ற இடத்தில் இருந்தது.

"உங்க மேலேயே புகாரா?"

"ஆமாங்க. இங்க வேற டைப்பிஸ்ட் இல்லைங்க" என்றாள் அருணாதேவி. "மூணு காப்பி வேணும்னு சொல்லியிருக்காரு."

காசி தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒரு தப்புகூட இல்ல மேடம். இவ்ளோ நல்லா அடிக்கிறவங்களை எப்படித்தான் வேலையை விட்டுத் தூக்க மனசு வருதோ."

உள்ளறையில் தசரதன் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. நல்ல உயரம். குரல் இன்னும் நல்ல உயரம். உட்கார்ந்தபடி பேசினாலே மேடையில் நிற்பது போல இருந்தது.

"வாம்மா. சின்னப் பொண்ணா இருக்கியே. அறிக்கை எழுதிட்டியா?"

"ரெண்டு கேள்வி சார். நீதித்துறை பத்தி உங்க கருத்து என்ன?"

தசரதன் முருகையனைப் பார்த்தார். முருகையன் ஒரு நீளமான நோட்டைத் திறந்தார். பக்கத்துக்கு மூன்று கட்டம். பொருள், இடம், நிலைப்பாடு.

வேதா நோட்டை வாங்கினாள். நிதி நிறுவனம்: சட்டசபையில் 'கட்டுப்படுத்த வேண்டும்'. அதே வாரம் போளூரில், ஒரு நிதி நிறுவனத் திறப்பு விழாவில், 'ஏழைகளின் தோழன்'. கற்பூர வரி: வியாபாரிகள் சங்கத்தில் 'ஒழிக்க வேண்டும்'. கோட்டையில் அதிகாரிகளிடம் 'அரசுக்கு வருமானம் அவசியம்'.

"இது எதுக்குங்க?" என்று கேட்டார் காசி.

"எந்த ஊர்ல எதைச் சொன்னோம்னு மறந்துடக் கூடாது இல்லீங்களா" என்றார் முருகையன். "ஒரே ஊர்ல ரெண்டையும் சொல்லிட்டா அசிங்கமாயிடும்."

"ரூட் சார்ட்டு!" காசி மெய்யாகவே வியந்தார். "எங்க கம்பெனிலகூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்க."

'நீதித்துறை' என்ற தலைப்பும் இருந்தது. அதன் கீழே ஒன்றுமே இல்லை.

"கோர்ட்டைப் பத்தி சார் கருத்தே சொல்றதில்லைங்க" என்றார் முருகையன். "கேஸு இருக்குது இல்லீங்களா."

"ரெண்டாவது கேள்வி. ஏழாம் பக்கம் டைப் அடிக்க எந்தத் தாளைப் பார்த்து அடிச்சாங்க?"

"அதைத்தான் அந்தப் பொண்ணு பொய் சொல்லுது" என்றார் தசரதன். "என் கையெழுத்துல இருந்துச்சாம். நான் பேனா புடிச்சு வருஷம் எத்தனை ஆவுது? கையெழுத்துப் போடுறதுக்குத்தான் புடிக்கிறேன், எழுதறதுக்கு இல்ல."

மணி ஒன்று. முருகையன் ஒரு பையிலிருந்து ஐந்தடுக்குக் கேரியரை எடுத்து மேஜையில் பிரித்தார். சாம்பார், கூட்டு, பொரியல், ரசம், மேலடுக்கில் மெதுவடை. தசரதன் பெருந்தன்மையாக வடையை நீட்டினார். காசி அதைவிடப் பெருந்தன்மையாக இரண்டு எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல சமையலுக்கு ஆள் வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள் வேதா.

"வெளி ஆளு கை எனக்கு ஆவாது."

"அப்போ உங்க மனைவிகிட்டயும் ஒரு வார்த்தை..."

"வீட்டுப் பக்கம் போகாதம்மா." குரல் சட்டென்று தணிந்தது. "அவ படுத்த படுக்கை. எட்டு வருஷமா. ஊருக்கே தெரியும்."

வெளியே வந்ததும் வேதா அருணாதேவியின் மேஜை அருகில் நின்றாள்.

"அந்தக் கையெழுத்துத் தாள் இப்ப எங்க இருக்குது?"

"வீட்டுல இருக்கும்ங்க. முருகையன் சார் எழுதறதை எம்.எல்.ஏ. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு. சார் ஒவ்வொரு பக்கத்துலயும் பச்சை மைல சுழிச்சு வச்சுடுவாரு. காலைல சாப்பாட்டுப் பையில வரும். நான் அடிச்சுட்டு, சாயங்காலம் காலிக் கேரியரோட திருப்பிப் பையிலயே வச்சுடுவேன்." அவள் குரல் இறங்கியது. "ஏழாம் பக்கத்துல பச்சைச் சுழி இல்லைங்க. ஆனா பழைய ஃபைல்ல பாத்த சாரோட எழுத்தாவே இருந்துச்சு, அப்புறம் எதுக்கு சுழின்னு அடிச்சுட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"நல்லா இருந்துச்சுங்க, படிக்க" என்றாள் அருணாதேவி. "கேட்டா எடுத்துடுவாங்களோன்னு..."

முடிக்காமல் மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

*

எதிரே வேப்ப மரத்தடியில் டீக்கடை. வேதா தட்டச்சுப் பிரதியை விரித்தாள். பதினோரு பக்கத்தில் பத்துப் பக்கம் 'மாண்புமிகு' மயம். நாற்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். ஏழாம் பக்கத்தில் ஒரு 'மாண்புமிகு'கூட இல்லை.

"இதை எழுதினவங்க பயப்படாம எழுதியிருக்காங்க" என்றாள்.

"அப்ப நம்ம எம்.எல்.ஏ. இல்ல" என்றார் காசி. "குடுங்க பாப்போம்."

அவர் சத்தமாகப் படித்தார். பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் சொல்லும் குரலில்.

"'தடை உத்தரவு ஆறு மாதத்தில் தானாகச் சாக வேண்டும். நம் ஜனங்கள் விடியற்காலையில் எழுந்து, எட்டு ரூபாய் டிக்கெட் எடுத்து, வேலூர் ஜில்லா கோர்ட்டுக்குப் போய், தள்ளி வைக்கப்பட்டது என்ற இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.'"

படித்துவிட்டு நிறுத்தினார். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா அநியாயம் மேடம் இது."

"என்ன?"

"எட்டு ரூபாயாம்! எட்டு ரூபாய்க்கு இன்னைக்கு வேலூர் போயிட முடியுமா? வழியில கண்ணமங்கலத்துலயே எறக்கி விட்டுடுவான். எட்டு ரூபா நான் பை மாட்டின காலத்துல. ஏத்தினாங்க, மறுபடி ஏத்தினாங்க, ஒவ்வொரு தடவையும் சில்லறைக்காக என் சட்டையைப் புடிச்சாங்க. எனக்குத் தெரியாதா?"

"எந்த வருஷம் எட்டு ரூபா?"

"எண்பத்தெட்டு, எண்பத்தொம்பது."

வேதா தாளை அவரிடமிருந்து வாங்கினாள். மூன்று தடவை படித்தும் அவள் கண்ணில் படாதது, இப்போது அந்த வரியிலேயே தெரிந்தது.

"காசிண்ணே, இன்னைக்கு இந்த ஊர்க்காரங்க ஜில்லா கோர்ட்டுக்கு வேலூர் போறாங்களா?"

"எதுக்குப் போவணும்? இதான் இப்ப ஜில்லா ஆயிடுச்சே. எண்பத்தொம்பதுலயே பிரிச்சுட்டாங்களே."

சொல்லிவிட்டு அவரே வாயைத் திறந்தபடி இருந்தார்.

"அதேதான்" என்றாள் வேதா. "இந்தப் பக்கம் மாவட்டம் பிரியறதுக்கு முன்னாடி எழுதினது. அருணாதேவி அப்போ ஏழாவது எட்டாவது படிச்சிருக்கும்."

"அப்ப பாப்பா தப்பிச்சுது!"

"இல்ல. பழைய தாளை யார் வேணா எடுத்து வச்சிருக்கலாம். அவங்களே வச்சாங்கன்னு சொல்லுவாரு. யார் வச்சதுன்னு தெரியணும்."

காசி யோசித்தார். "எம்.எல்.ஏ. மைக்ல 'எட்டு ரூபா'ன்னு படிச்சிருக்காரே மேடம். ஒருத்தருக்குக்கூட அது உறைக்கலையா?"

"அங்க இருந்தவங்க யாரும் பஸ்ல போறவங்க இல்ல."

"அதுவும் சரிதான்."

வேதா எழுந்தாள். "தாள் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்குப் போவுது. வீட்டுல இருந்து ஆபீஸுக்கு வருது. நடுவுல ஒரு சாப்பாட்டுப் பை. வடை எப்படி இருந்துச்சு?"

"நல்ல மொறுமொறுப்பு. நடுவுல ஓட்டை ரூபாய்க் காசு மாதிரி சுத்தமா..." காசி பாதியில் நிறுத்தினார். "மேடம்."

"சொல்லுங்க."

"படுத்த படுக்கையா இருக்கிறவங்க, படுத்துக்கிட்டே வடை சுடுவாங்களா?"

வேதா வண்டியை உதைத்தாள். காசி ஏறிக்கொண்டு, பையிலிருந்த விசிலை எடுத்து ஒரு முறை ஊதினார்.

*

போளூர் ரோட்டில் எம்.எல்.ஏ. வீடு. வாசல் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம். வேதா மதிலோரமாகச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள்.

ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு முழுக் கம்பளியைத் துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த அடியில் கல்தான் பாவம்.

"எம்.எல்.ஏ. சம்சாரம் ராணியம்மாள் அம்மாங்களா?"

அந்தப் பெண் திரும்பினாள். சட்டென்று கம்பளியை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து, முகத்தைச் சுளித்து, மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெகு நாள் பழக்கம் என்று தெரிந்தது.

"அந்தக் கேஸுக்காக வரலைங்க" என்றாள் வேதா. "ஏழாம் பக்கத்துக்காக வந்தேன்."

ராணியம்மாள் நிமிர்ந்தாள். சுவரை விட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. யாரும் பாக்குறதுக்குள்ள."

சமையற்கட்டில் உட்கார வைத்தாள். காசிக்கு ஒரு தட்டில் மிச்ச வடை வந்தது. ராணியம்மாள் பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து மடித்த ஒரு கோடு போட்ட தாளை எடுத்து வேதாவிடம் கொடுத்தாள். நீல மை மங்கியிருந்தது. எழுத்து சாய்ந்து, வேகமாக, தசரதனின் கையெழுத்தில்.

"அவரு முதல் தடவை ஜெயிச்சப்போ எழுதினது. இதோ, இங்கதான் உக்காந்து எழுதினாரு. நான் தோசை ஊத்திக்கிட்டே கேட்டேன். எட்டு ரூபா நான் சொன்னதுதான். என் அண்ணன் ஒரு பாகப்பிரிவினை கேஸுக்கு மாசாமாசம் வேலூர் போயிட்டு வந்தாரு. அன்னைக்கு சபையில பேச டைம் குடுக்கலை. தாளைத் தூக்கிப் போட்டாரு. நான் எடுத்து வச்சேன்."

"இதை இப்ப எதுக்குப் பைக்குள்ள வச்சீங்க?"

அவள் அலமாரியைத் திறந்து ஒரு தடித்த கவரை எடுத்து வேதாவின் மடியில் போட்டாள்.

"படிங்க."

எல்லாம் வாய்தா மனு நகல்கள். முப்பத்தேழு. எல்லாவற்றிலும் ஒரே பெயர். 'பிரதிவாதி ராணியம்மாள்'.

வேதா நிமிர்ந்தாள். "விடுதி உங்க பேர்லயா?"

"எம்.எல்.ஏ. பேர்ல இருந்தா கண்ணை உறுத்தும்னு என் பேர்ல போட்டாரு. அப்ப பூரிச்சுப் போனேன், போங்க. போர்டுல 'ஸ்ரீ ராணி விடுதி'ன்னு எழுதினப்போ கண்ணாடியில வேற பாத்துக்கிட்டேன்." அவள் ஒரு மனுவை உருவினாள். "அப்புறம் கேஸு வந்துச்சு. வாய்தா வாங்கக் காரணம் வேணுமே. பிரதிவாதிக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிட்டாங்க. இதுல மஞ்சக்காமாலை. இதுல டைபாய்டு. இதுல கால் ஒடஞ்சிருக்கு, எந்தக் காலுன்னு போடலை. கர்ப்பப்பையை மட்டும் ரெண்டு தடவை எடுத்திருக்காங்க."

காசி வடையை வாயருகே வைத்தபடி உறைந்திருந்தார்.

"கடைசில அந்த வக்கீலுக்கு வியாதிப் பேரு தீந்து போச்சு. படுத்த படுக்கைன்னு எழுதிட்டாரு. கேஸு வந்த நாள்ல இருந்தே நான் வெளிய போவக் கூடாது. யாராவது போட்டோ எடுத்து கோர்ட்டுல குடுத்துடுவாங்கன்னு பயம். கடைக்கு இல்ல, கல்யாணத்துக்கு இல்ல. என் பொண்ணைக் கேட்டு வந்தவங்க, அம்மாவுக்கு இவ்ளோ வியாதியான்னு எழுந்து போயிட்டாங்க. எட்டு வருஷமா மலையைச் சுத்தலைங்க. எங்கெங்க இருந்தோ ரயிலேறி வந்து சுத்துறாங்க. நான் இந்த ஊர்க்காரி. இருட்டினப்புறம் மொட்டை மாடில நின்னு எட்டிப் பாக்குறேன்."

"அவர் பக்கத்தைப் படிச்சுட்டு எடுத்துடுவாருன்னு பயம் இல்லையா?"

"கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆவுது. பச்சை மை போட்டுப் பாத்திருக்கேன். படிச்சுப் பாத்ததில்ல." ராணியம்மாள் கவரை மூடினாள். "அந்தக் கேஸுல நான் தோத்தாலும் சரி. விடுதியை இடிச்சுட்டுப் போவட்டும். கேஸு முடிஞ்சா எனக்கு உடம்பு சரியாயிடும்."

வேதா தாளை மடித்தாள். அடுத்ததைச் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் பழியை டைப்பிஸ்ட் பொண்ணு மேல போட்டிருக்காரு. அஞ்சு மணிக்குப் போலீஸ் புகார். புகாரை அந்தப் பொண்ணே டைப் அடிச்சுக்கிட்டு இருக்குது."

ராணியம்மாளின் முகம் மாறியது.

"அருணாவா? பதினஞ்சாம் தேதி வேலைக்குச் சேரணுமே. கேரியர்ல மைசூர்பாகு வச்சு அனுப்பினேனே அன்னைக்கு." எழுந்து நின்றாள். "செருப்பு எங்க வச்சேன்... எட்டு வருஷம் ஆச்சே."

"வெளிய வந்தா பாத்துடுவாங்க அம்மா."

"பாக்கட்டும்."

செருப்பு பரண் மேல் கிடைத்தது. வார் இற்றுப் போயிருந்தது. வெறுங்காலோடு வந்து வேதாவின் வண்டியில் ஏறினாள். காசி ஆட்டோ பிடித்தார்.

*

ஐந்துக்குப் பத்து நிமிஷம். வெளித் தாழ்வாரத்தில் பத்திரிகைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேதா ராணியம்மாளைப் பின்வழியாக உள்ளறைக்கு அழைத்து வந்தாள். வெளியே கூட்டம் சேர்ந்ததால் அருணாதேவி இயந்திரத்தோடு உள்ளறைக்கு வந்து, மூன்றாவது காப்பியில் இருந்தாள். ராணியம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

தசரதனும் எழுந்தார்.

"நீ எப்படி வெளிய வந்த? யாராவது பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பூக்கடைக்காரி கன்னத்துல போட்டுக்கிட்டா. அண்ணாமலையார் எழுப்பி விட்டாருன்னு."

முருகையன் கதவைத் தாழ் போட்டார்.

வேதா கோடு போட்ட தாளை மேஜையில் விரித்தாள். தசரதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதல் வரியைப் படித்தார். உதடுகள் அசைந்தன. பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இது..."

"நீங்க எழுதினதுதான் சார். எண்பத்தொம்பதுல. அறிக்கையில ஒரு பேரு எழுதணும். மூணு பேரு இருக்குது. சொல்லுங்க, எதை எழுதட்டும்?"

தசரதன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அருணாதேவின்னு எழுதினா, போலீஸ்ல இந்தத் தாளைக் கேட்பாங்க. கோர்ட்டுலயே கேட்பாங்க. உங்க கையெழுத்து. உங்க மனைவின்னு எழுதினா, படுத்த படுக்கையா இருக்கிறவங்க எப்படி எழுந்து பையில தாளை வச்சாங்கன்னு கன்னியம்மாள் வக்கீல் கேட்பாரு. முப்பத்தேழு மனுவும் பொய்யாயிடும்."

"மூணாவது?"

"காரணைப்பட்டு எம்.எல்.ஏ."

"அந்த ஆளுதான் மேடம் எனக்கும் சந்தேகம்" என்றார் காசி. "முழியே சரியில்ல."

யாரும் சிரிக்கவில்லை. ராணியம்மாள் மட்டும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

தசரதன் ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். தாழ் போட்ட கதவைப் பார்த்தார். மனைவியின் காலைப் பார்த்தார். புழுதி படிந்த வெறுங்கால்.

"எதுக்குடி எங்கிட்ட சொல்லலை?"

"வாரா வாரம் சொன்னேனே. நீங்க அடுத்த வாய்தாவுக்குப் பாக்கலாம்னு சொன்னீங்க."

வெளியே யாரோ "தலைவரே, மணி அஞ்சு" என்றார்கள்.

தசரதன் அந்தக் கோடு போட்ட தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாழை நீக்கி, தாழ்வாரத்துக்குப் போனார். முருகையன் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

உள்ளே இருந்த நான்கு பேரும் கேட்டார்கள். முதலில் ஒரு இருமல். பிறகு அந்த உயரமான குரல்.

"திங்கட்கிழமை நான் பேசின பேச்சைப் பத்தி ஏதேதோ வதந்தி. நீதித்துறை சீர்திருத்தம் எனக்கு இன்னைக்கு நேத்து வந்த கருத்து இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி என் கைப்பட எழுதினது. இதோ பாருங்க, மை மங்கியிருக்குது. கருத்து மங்கலை."

கேமரா ஒன்று மின்னியது.

"உங்க விடுதி வழக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

டீக்கடையில் டம்ளர் கழுவும் சத்தம்கூடக் கேட்டது.

"திங்கட்கிழமை நடக்கும்" என்றது அந்தக் குரல், சற்றுத் தணிந்து. "வாய்தா கேட்க மாட்டோம்."

"குரல் மட்டும் அப்படியே இருக்குது" என்றாள் ராணியம்மாள், யாரிடமும் இல்லாமல்.

அருணாதேவி இயந்திரத்திலிருந்து தாளை உருவினாள். மூன்று காப்பியையும் ஒன்றாக அடுக்கி, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். காசி வாங்கி நான்காகக் கிழித்தார். டிக்கெட் கிழித்த கை. கோடு போட்டது போலக் கிழிந்தது.

கால் மணி கழித்துத் தசரதன் வியர்த்து உள்ளே வந்தார். பத்திரிகைக்காரர்கள் கை கொடுத்திருந்தார்கள். அதனால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. முருகையன் நோட்டில், வெகு நாளாகக் காலியாக இருந்த கட்டத்தில், பச்சையா நீலமா என்று யோசித்து எழுதிக்கொண்டிருந்தார்.

தசரதன் அருணாதேவியைப் பார்க்காமல் கேட்டார்.

"கோர்ட்டுல சேர என்னென்ன கேக்குறாங்க?"

"எல்லாம் குடுத்துட்டேன் சார். நன்னடத்தைச் சான்றிதழ் ஒண்ணுதான் பாக்கி. எம்.எல்.ஏ. குடுத்தா செல்லும்னாங்க. கேக்கலாம்னு நினைச்சப்பதான்..."

"அடிச்சுக் கொண்டா."

அவள் புதுத் தாள் செருகி அடித்தாள். ஆறு வரி. 'இவரை நான் இரண்டு ஆண்டுகளாக நன்கு அறிவேன்' என்று தொடங்கியது. மேஜையில் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள்.

தசரதன் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பேனா தாளின் அடிவரைக்குப் போய்விட்டு நின்றது. மெல்ல மேலே வந்தது. முதல் வரியில் ஆரம்பித்து, ஒவ்வொரு சொல்லாக, பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடைசி வரி வரை போனார். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"ஆறு வரிதான் சார்" என்றாள் அருணாதேவி.

"இரும்மா" என்றார் தசரதன். மறுபடி முதல் வரிக்குப் போனார்.